மீன் பெருகிற்று, எந்த மீன்?

விடுமுறை என்றதும் நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரே திசைதான்; அது தெற்கு. இரயிலில் சன்னலோர இடம் பிடித்து, இரண்டு இரவு தூங்கி, மூன்றாம் நாள் அம்மா வைத்த குழம்பின் முன் உட்கார்ந்தால் விடுமுறை தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் உலகில் வேறொரு வகை விடுமுறையும் உண்டு. கைப்பணத்தைச் செலவழித்து, ஆளரவமற்ற காட்டு ஆற்றங்கரைக்குப் போய், காலையும் மாலையும் பாறைமீது நின்று, ஒரு மீனைப் பிடித்து, அதன் எடையைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவது! "குழம்புக்கு ஆகாத மீனைப் பிடிப்பானேன்?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அந்தக் 'குறித்துக்கொண்டு' என்ற சொல்லை மறந்துவிட வேண்டா. இந்தக் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக எழுதிவைத்த ஒரு மீன் கணக்கு, பிற்காலத்தில் விஞ்ஞானிகள் கைக்கு வந்து, நம் காவிரியின் ஓர் அரிய உயிரைப் பற்றிய உண்மையை வெளியிட்டது. முதலில் அந்தக் கணக்கு மகிழ்ச்சி தந்தது. இரண்டாம் முறை படித்தபோது அச்சம் தந்தது. ஒரே கணக்கு எப்படி இரண்டு கதை சொல்லும்? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

இடம்

கன்னட நாட்டில் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாய் விழுகிறது. அங்கிருந்து தமிழக எல்லையில் ஒகேனக்கல்லை அடையும்வரை அவள் பெரும்பாலும் காட்டின் வழியே நடக்கிறாள். இருபுறமும் குன்றுகள், கரையில் மருத மரங்கள், ஆற்றின் நடுவே பாறைகள், பாறைகளின் இடையே சுழித்தோடும் நீர், அதற்கடுத்து ஆழ்ந்த மடு. யானை நீர் குடிக்க வரும். முதலை மணல்திட்டில் வெயில் காயும். நீர்நாய்கள் கூட்டமாய் நீந்தும். இந்தப் பகுதி 1987-ஆம் ஆண்டில் காவிரி வனவிலங்குச் சரணாலயமாயிற்று.

இவ்வழியில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பீமேசுவரி என்னும் இடம் இருக்கிறது. தொட்டமாகளி, காலிபோரே என்ற இடங்களும் இதே ஆற்றங்கரையில் உள்ளன. அர்க்காவதி ஆறு காவிரியோடு கலக்கும் சங்கமத்துக்குச் சற்று மேலே காலிபோரே. இம்மூன்று இடங்களிலும் தூண்டில் முகாம்கள் நடந்து வந்தன. கர்நாடக அரசாங்கத்தின் சுற்றுலா நிறுவனமான 'ஜங்கிள் லாட்ஜஸ்' 1980-இல் தோன்றியது. இம்முகாம்களை நடத்தியதும் அதுவே. கூடாரங்கள், குடில்கள், ஒரு பொதுச் சாப்பாட்டுக் கூடம், கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள்: இவ்வளவே முகாம். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. வருபவர்கள் ஆடம்பரத்தைத் தேடி வரவும் இல்லை. அவர்கள் தேடி வந்தது ஒரு மீனை.

மீன்

அந்த மீனின் பெயர் மகாசீர். நம் குளத்துக் கெண்டைக்கு உறவுதான். ஆனால் உருவத்தில் யானைக்குட்டி. உடலெங்கும் உள்ளங்கையளவுச் செதில்கள். வாயில் இரண்டு இணை மீசைகள். தாடையில் பல்லே கிடையாது. இதைக் கேட்டு, 'ஐயோ பாவம்' என்று எண்ணிவிட வேண்டா. தொண்டைக்குள்ளே வலிய பற்கள் இருக்கின்றன. நண்டையும் நத்தையையும் அவை நொறுக்கித் தள்ளும். தூண்டில் முள்ளை வளைத்துவிட்டுப் போன மகாசீர்களைப் பற்றித் தூண்டில்காரர்கள் கதை கதையாய்ச் சொல்வார்கள்.

இந்தியாவில் மகாசீர் இனங்கள் பல. இமயமலை ஆறுகளில் பொன்னிற மகாசீர் உண்டு. ஆனால் மிகப் பெரியதாய் வளர்வது நம் காவிரி நீர்ப்பரப்பில் மட்டுமே வாழும் ஒரு வகை. தலைக்குப் பின்னே முதுகு மேடாக உயர்ந்து, காளையின் திமில்போல் நிற்கும். உடலில் பொன்னிறம், துடுப்புகளில் செம்மை. ஆங்கிலேயர் அதைத் திமில் முதுகு மகாசீர் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். நாமும் அதைத் 'திமில் மகாசீர்' என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

அதன் புகழ் பழையது. எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். தென்னாட்டு மகாசீர் அதில் சிறப்பிடம் பெற்றது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மகாசீரைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ! நம் விடுதியில் அந்த எடைக்கு மேற்படாத நண்பர்கள் பலர் இருப்பார்கள். தூண்டில் ஏடுகளில் மகாசீருக்குப் பெரிய எடையாக இன்றும் பேசப்படுவது அதுவே. கபினி காவிரியின் துணையாறு என்பதை நினைவில் கொள்க.

நாடு விடுதலை பெற்றபின் இம்மீன் ஆற்றில் இருக்கிறதா இல்லையா என்றே வெளியுலகம் மறந்திருந்தது. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் தூண்டில்காரர் சிலர் தேடி வந்து, பெரிய மீன்களைக் கண்டு, ஊர் திரும்பிச் சொன்னார்கள். அதன்பின் காவிரிக் கரைக்குக் கடல் கடந்தும் விருந்தினர் வரலாயினர்.

ஒரு நாள் அலுவல்

முகாமில் ஒரு நாள் எப்படிக் கழியும்? சனவரி முதல் மார்ச்சு வரை நீர் தெளிந்து தாழ்ந்திருக்கும் காலம். அதுவே நல்ல பருவம். விடியுமுன்னே தேநீர். பிறகு வழிகாட்டியோடு பரிசலில் ஏறிப் பாறைத்திட்டுக்குப் போக வேண்டும். இவ்வழிகாட்டிகளை 'கில்லி' என்பார்கள். நம் தெருக் கில்லித்தாண்டலுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வேட்டைத் துணைவனைக் குறிக்கும் சொல் அது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொற்களில் ஒன்று காவிரிக் கரையில் ஒட்டிக்கொண்டது.

இரை என்ன தெரியுமா? கேழ்வரகு! கேழ்வரகு மாவைப் பிசைந்து, மணப்பொருள் சேர்த்து, வேகவைத்து, இறுகிய உருண்டையாக்கித் தூண்டிலில் கோப்பார்கள். கன்னட நாட்டு உழவனின் உணவே மகாசீருக்கும் உணவு. உருண்டையை நீரின் வேகம் தணியும் இடத்தில் வீசிவிட்டு, நூலை விரலில் தொட்டபடி காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரு நாளும் ஆகலாம். சிறு மீன்கள் கொறிக்கும்போது நூல் மெல்லத் துடிக்கும். மகாசீர் எடுத்தால் துடிப்பெல்லாம் இல்லை, ஒரே இழுப்பு! சக்கரத்தில் சுற்றிய நூல் அலறிக்கொண்டு ஓடும். மீன் பாறைகளின் இடையே புகுந்து ஆற்றின் போக்கில் விரையும். நூல் பாறையில் சிக்கினால் கில்லி பரிசலை ஓட்டிப் போய், வேண்டுமானால் நீரில் குதித்து, அதை விடுவிப்பார். தூண்டில் பிடித்தவர் பெயர் ஏட்டில் ஏறும். மீனைக் கரை சேர்த்த திறமையில் பாதிக்கு மேல் கில்லிக்கு உரியது.

கரை சேர்ந்த மீனை ஈரக் கையால்தான் தொட வேண்டும். மீனின் மேலுள்ள வழுவழுப்பு அதன் காப்புறை; உலர்ந்த கை அதை வழித்துவிடும். நீண்ட போராட்டத்தால் மீன் களைத்திருக்கும். நீருக்கு வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு கணமும் அதற்குத் துன்பம். ஆகவே விரைவாக எடை பார்த்து, ஒரு படம் எடுத்து, ஓடும் நீரை நோக்கி அதன் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். செவுள் வழியே நீர் பாய்ந்து, வலிமை திரும்பியதும் வால் ஒருமுறை அடிக்கும். பிடி தளரும். மீன் போய்விடும்.

பிறகு ஏடு வரும். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், என்ன எடை என்று குறிப்பார்கள்.

வேலியே காவலான கதை

இந்த விளையாட்டால் ஆற்றுக்கு என்ன பயன்? பயன் உண்டு. ஆற்றில் வெடி வைத்து மீன் கொல்லும் கொடிய வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஒரு வெடி வெடித்தால் பெரியது, சிறியது, குஞ்சு, முட்டை என்ற வேறுபாடின்றி மடுவிலுள்ள அனைத்தும் மடியும். மிதப்பதைப் பொறுக்குவார்கள், மூழ்கியது வீண். தூண்டில் விருந்தினர் வரத் தொடங்கியபின் உயிருள்ள மகாசீருக்கு விலை ஏற்பட்டது. செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம். உயிருள்ள மீனோ ஆண்டுதோறும் ஊருக்குச் சம்பளம் தரும். 1972-இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவலாளர்களை அமர்த்தியது. முகாம்களும் அவ்வாறே செய்தன. முன்பு திருட்டுத்தனமாய் மீன் பிடித்தவர்களில் சிலரே கில்லிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மடுவின் ஆழமும் மீனின் வழியும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இதில் ஒரு முரண்பாடும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வந்தவர் விளையாட்டுக்காக மீன் பிடிக்கலாம். கரையில் பிறந்தவன் சட்டிக்காகப் பிடித்தால் குற்றம். வேலை கிடைத்தவனுக்கு இது பொறுக்கத்தக்கது. கிடைக்காதவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இக்கேள்வியை ஓரமாய்க் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கணக்குப் பாடம்

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஆற்றிலுள்ள மீன்களை எண்ணுவது எப்படி? மரத்தை எண்ணலாம், மாட்டை எண்ணலாம். கலங்கி ஓடும் ஆற்றின் அடியிலுள்ள மீனை யார் எண்ணுவது? இதற்கு விஞ்ஞானிகள் கையாளும் ஓர் எளிய வழி உண்டு. உழைப்புக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதே அது. 100 மணி நேரம் தூண்டில் போட்டு 10 மீன் கிடைத்த ஆற்றில், சில ஆண்டுகள் கழித்து அதே 100 மணி நேரத்தில் 20 மீன் கிடைத்தால், ஆற்றில் மீன் பெருகியிருக்கிறது என்று கொள்ளலாம். 5 கிடைத்தால் குறைந்திருக்கிறது. மீனின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். முந்திய ஆண்டு 5 பேர் வந்திருக்கலாம். இந்த ஆண்டு 50 பேர் வந்திருக்கலாம். ஆகவே மணியால் வகுக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய இரண்டு எண்களும், அதாவது மணியும் மீனும், காலிபோரே முகாமின் ஏட்டில் இருந்தன! 1998 முதல் 2012 வரையுள்ள பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், இராஜீவ் இராகவன், இராபர்ட் பிரிட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்து ஆராய்ந்தனர். 2015-இல் முடிவுகள் வெளிவந்தன. 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு. பிடித்து விட்ட மகாசீர்கள் 6,161. நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கு ஒரு மீன். எந்த விஞ்ஞானிக்கும் இவ்வளவு மணி நேரம் ஆற்றில் நிற்கப் பணமும் ஆளும் கிடைத்திருக்காது. விளையாட்டுக்காரர்கள் தம் செலவிலேயே அதைச் செய்து வைத்திருந்தனர்.

முதற் கணக்கு என்ன சொல்லிற்று? ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. எண்ணிக்கை கூடி எடை குறைந்தால் என்ன பொருள்? இளம் மீன்கள் நிறையப் பிறந்து வளர்கின்றன என்று பொருள். காவல் பலித்துவிட்டது; மகாசீர் பெருகுகிறது! வெற்றி முரசு கொட்டலாம் அல்லவா?

பொறுங்கள். இங்கேதான் நம் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது: மீன் பெருகிற்று, எந்த மீன்?

பிரித்துப் பார்த்தபோது

காவிரியில் அப்போது இருந்தது ஒரு மகாசீர் அன்று, இரண்டு. ஒன்று நாம் முன்பு கண்ட திமில் மகாசீர். மற்றொன்று நீலச் சாயலுள்ள துடுப்புகளை உடையது. அதை 'நீலத்துடுப்பு மகாசீர்' என்போம். விஞ்ஞானப் பெயர் டோர் குத்ரீ. 1839-இல் சைக்ஸ் என்பவர் புனாவை அடுத்த முளா–முட்டா ஆற்று மீனைக் கண்டு இதற்குப் பெயரிட்டார். அது கிருஷ்ணையின் நீர்ப்பரப்பு. அப்படியானால் காவிரிக்கு எப்படி வந்தது?

நல்ல எண்ணத்தால் வந்தது! மகாசீர் அருகி வருகிறதே என்ற கவலையில், மராட்டிய நாட்டில் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தார் மகாசீர் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றை 1970-களில் நடத்தத் தொடங்கினர். செயற்கை முறையில் முட்டை பொரித்துக் குஞ்சு வளர்ப்பதில் அவர்கள் அரிய வெற்றி கண்டனர். அக்குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் வழங்கப்பட்டன. காவிரிக்கும் வந்தன. மகாசீர் என்றால் மகாசீர்தானே என்று எல்லாரும் எண்ணினர். அந்நாளில் விஞ்ஞானமே இவற்றைத் தெளிவாகப் பிரித்தறிந்திருக்கவில்லை. ஆகவே யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆராய்ச்சியாளர் இப்போது அதே ஏட்டை எடுத்து, இரண்டு மீன்களையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டனர். முடிவு முற்றிலும் மாறிற்று. பெருகியது நீலத்துடுப்பு. திமில் மகாசீரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்திருந்தது. இன்னொரு செய்தி அதைவிடக் கவலை தருவது: கிடைத்த சில திமில் மகாசீர்களும் பெரியனவாகவே இருந்தன, சிறியவை காணோம். தூண்டில்காரருக்கு இது கொண்டாட்டமாய் இருந்திருக்கும். "இவ்வாண்டு எவ்வளவு பெரிய மீன் கிடைத்தது!" என்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் தாத்தாவும் பாட்டியும் மட்டுமே இருக்கிறார்கள். தொட்டில் ஆடும் வீடு ஒன்றுகூட இல்லை. அவ்வூரின் சராசரி வயது ஆண்டுதோறும் உயரும். அதைக் கண்டு 'இவ்வூரார் நீண்ட ஆயுள் உடையவர்' என்று வியக்கலாமா? அவ்வூர் அழிந்துகொண்டிருக்கிறது என்பதல்லவா பொருள்?

இரண்டையும் ஒன்றாய்க் கூட்டியபோது பெருகும் இளம் மீன், மறையும் கிழ மீனை மூடி மறைத்துவிட்டது. கூட்டுத்தொகை பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டோம். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் இலைகளின் எண்ணிக்கை கூடியது என்று கேட்டுச் சமையல் திருந்திவிட்டது என முடிவு கட்டினால் எப்படியோ அப்படி!

பெயரில்லாத பெருமகன்

இதிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக உலகப் புகழ் பெற்றிருந்த இத்திமில் மகாசீருக்கு நிலையான விஞ்ஞானப் பெயரே இல்லை! படம் இருந்தது, எடை இருந்தது, கதை இருந்தது, பெயர் இல்லை. பெயர் இல்லாததற்குப் பாதுகாப்புப் பட்டியலில் இடமும் இல்லை. அழிகிறது என்று சொல்ல வேண்டுமானால், எது அழிகிறது என்று முதலில் சொல்ல வேண்டுமே!

விடை வேறோர் ஆற்றில் இருந்தது. கேரளத்தில் தோன்றிக் கிழக்கே பாய்ந்து நம் அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகாசீர்களுக்கு, குருப், இராதாகிருஷ்ணன் என்னும் ஆராய்ச்சியாளர் டோர் ரேமாதேவியை என்று முன்பே பெயர் சூட்டியிருந்தனர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன் ஆராய்ச்சி செய்த ரேமா தேவி அம்மையாரின் நினைவாக அப்பெயர். மாயாற்றில் கிடைத்த திமில் மகாசீர்களை ஆராய்ந்து, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அந்தச் சிறு மீனும் இந்தப் பெரு மீனும் ஓரினமே என்று 2018-இல் பிண்டர், இராகவன் முதலியோர் நிலைநாட்டினர். அவ்வாண்டிலேயே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 'மிக நெருக்கடியான அழிநிலையில் உள்ளது' என்ற பிரிவில் வைத்தது. முற்றும் மறைவதற்கு முன்னுள்ள கடைசிப் படிகளில் ஒன்று அது.

மாயாறு எங்கே ஓடுகிறது? நீலகிரியில் தோன்றி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே பாய்ந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. ஆம், நம் நாட்டு ஆறுதான். உலகம் தேடிய மீனின் அடைக்கலங்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அழிவுக்குக் காரணம் அயல் மகாசீர் மட்டும் அன்று. மகாசீர் வெள்ளக் காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிச் சரளைக்கல் படுகையில் முட்டையிடும் மீன். 1931-இல் முடிந்த கிருஷ்ணராஜ சாகரம், 1934-இல் முடிந்த மேட்டூர் அணை என்று பெரிய சுவர்கள் எழுந்தபின் அதன் வழி துண்டுபட்டது. மணலும் சரளையும் அள்ளப்பட்டால் முட்டையிட இடமில்லை. வெடிவைப்போ எல்லாவற்றையும் அழிக்கும். நொந்திருந்த இனத்தின் வீட்டில் வலிய விருந்தாளியும் நுழைந்தான்.

தூண்டில் நின்றபின்

2012-இல் இன்னொரு திருப்பம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று, பிடிப்பதையும் குறிக்கும். ஆகவே சரணாலயத்துக்குள் மீனைப் பிடித்து விடுவதும் வேட்டையே என்று பொருள் கொள்ளப்பட்டது. காவிரிச் சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு நின்றது. முகாம் இயற்கை காண வருவோருக்கான இடமாயிற்று. ஏடும் அத்துடன் நின்றது.

இது சரியா, தவறா? இரு பக்கமும் வாதம் உண்டு. சரணாலயத்தில் மானைத் துரத்திப் பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுவதை நாம் ஒப்புவோமா? மாட்டோம். மீனுக்கு மட்டும் வேறு நீதி எதற்கு? இது ஒரு வாதம். தூண்டில் போனபின் கில்லிகளின் கண்காணிப்பும் போயிற்று. காவல் தளர்ந்த மடுவில் வெடிக்கு யார் தடை? மேலும், ஏடு இல்லையேல் மீனின் நிலை யாருக்குத் தெரியும்? இது மற்றொரு வாதம். அந்த ஏட்டை ஆராய்ந்தவர்கள் இரண்டாம் வாதத்தின் பக்கமே சாய்ந்தனர்.

எனக்குத் தோன்றுவது இது. தூண்டில் வேண்டுமா வேண்டாவா என்பதில் நல்லவர்கள் வேறுபடலாம். ஆனால் காவலும் கணக்கும் வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்கக் கூடாது. விளையாட்டை நிறுத்திய கையே காவலருக்கு ஊதியமும், கணக்கு எழுதும் ஆளுக்கு ஓர் ஏடும் கொடுத்திருக்க வேண்டும். மடுவை அறிந்த கில்லியைவிட அவ்வேலைக்கு ஏற்றவர் யார்? முன்பு ஓரமாய் வைத்த கேள்விக்கும் இதில் பாதி விடை கிடைக்கிறது. கரையில் பிறந்தவனுக்கு ஆற்றின் நலத்தில் பங்கு கொடுத்தால் அவன் ஆற்றைக் காப்பான். கொடுக்காவிட்டால் யார் காத்தும் பயனில்லை.

நாம் கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே! நம்மில் எல்லாரும் மீன் ஆராய்ச்சிக்குப் போகப் போவதில்லை. ஒருவர் பொருளாதாரம் படிக்கிறார், ஒருவர் எந்திரப் பொறியியல், இன்னொருவர் வரலாறு. ஆனால் எல்லாரும் நாளை எண்களைக் கையாளப் போகிறோம். இத்தனை பள்ளிகள் திறந்தோம், இத்தனை மரங்கள் நட்டோம், இத்தனை பேருக்கு வேலை தந்தோம் என்று அறிக்கைகள் நம் மேசைக்கு வரும். அப்போது ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்: எந்தப் பள்ளி? எந்த மரம்? எந்த வேலை? சோலை மரத்தை வெட்டிவிட்டுத் தைல மரம் நட்டாலும் மரக் கணக்கு கூடத்தான் செய்யும்.

இரண்டாவது பாடம் அடக்கமானது. அந்த ஏட்டை எழுதியவர்கள் தாம் விஞ்ஞானம் செய்வதாக நினைக்கவில்லை. நாள், மணி, மீன், எடை: அவ்வளவே எழுதினார்கள். ஆனால் 15 ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள். ஒழுங்காக எழுதிய எளிய குறிப்பு, ஓர் இனத்தின் இறுதிக் காலத்துக்குச் சாட்சியாயிற்று.

இந்த விடுமுறையிலும் நாம் தெற்கேதான் போகப் போகிறோம். ஈரோடு, திருச்சி என்று எங்கோ ஓரிடத்தில் நம்மில் பலருடைய இரயில் காவிரியின் பாலத்தையோ அவளுடைய துணையாறுகளில் ஒன்றையோ கடக்கும். கோடைக்காலத்தில் நீர் மெலிந்திருக்கும். சன்னல் வழியே ஒரு கணம் பாருங்கள். ஊருக்குப் போனதும் ஆற்றோரத்தில் வலை வீசும் பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, உங்கள் சிறு வயதில் இங்கே என்னென்ன மீன் கிடைத்தது? இப்போது என்ன கிடைக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில், நாளிட்டு, எழுதிக்கொண்டு வாருங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். எத்தனை மீன் என்பதைப் பிறகு கேட்கலாம். எந்த மீன் என்பதை முதலில் கேட்போம்.